ஈட்டிக்காரர்களுக்குப் பல் வைத்தவர்

பல் செட்டுக்காரருக்கு வயது ஐம்பத்துமூன்று. அதில் முப்பது வருஷம் அடுத்தவர் வாய்க்குள்ளேயே கழிந்துவிட்டது. டாக்டர் என்று நினைத்துவிடாதீர்கள். டாக்டர் ஆளை உட்காரவைத்து அளவெடுத்து அனுப்புவார். அந்த அச்சை வைத்துக்கொண்டு, முகமே பார்க்காத ஆளுக்குப் பல் வரிசை செய்து கொடுப்பவர் இவர். இவர் செய்த பல்லை மாட்டிக்கொண்டு எத்தனையோ பேர் போட்டோவுக்குச் சிரித்திருக்கிறார்கள். தெருவில் எதிரே வந்தால் ஒருத்தருக்கும் இவரைத் தெரியாது. இவர்தான் அவர்கள் வாயைப் பார்த்து, நம்ம வேலை, என்று தனக்குள் சொல்லிக்கொண்டு போவார்.

அவர் வேலை பார்க்கும் லேப் ஒரு பழைய கட்டடத்தின் பின்பக்கம், இரண்டாவது மாடியில் இருந்தது. ஜன்னலோரம் அவர் மேஜை. வலது கைப்பக்கம் மெழுகு இளக்குகிற சின்ன விளக்கு, இடது பக்கம் பாலிஷ் சக்கரம், எதிரே நிற அட்டை. நிற அட்டை என்றால் பதினாறு விதமான வெள்ளைப் பல், வரிசையாக. பல் வெள்ளையாக இருக்கவேண்டும் என்று யாராவது சொன்னால் அவருக்குச் சுருக்கென்று கோபம் வரும். "எந்த வெள்ளை?" என்று கேட்பார். அவர் மேஜைக்கு எது வந்தாலும் கறை, கீறல், பிசிர் மூன்றும் போகாமல் கீழே இறங்காது. யாரும் சொல்லவேண்டியதில்லை, கை தானாகப் போகும். ஒருமுறை முதலாளி டீ குடிக்கிற கோப்பையைக்கூட விளிம்பு தேய்த்து மெருகேற்றி வைத்துவிட்டார். பக்கத்து மேஜையில் பீங்கான் பல் செய்கிற பெண் ஒருத்தி, எல்லோருக்கும் அவள் பீங்கான்தான், சொல்லுவாள்: "அண்ணே, உங்ககிட்ட நிலாவைக் கொடுத்தா அதுல இருக்கற கறையையும் தேய்ச்சு எடுத்துட்டுத்தான் திருப்பிக் கொடுப்பீங்க."

கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால் "ஒத்து வரல" என்பார். யாருக்கு யார் ஒத்து வரவில்லை என்பது இன்றுவரை வெளியே வரவில்லை. இரண்டு அறை வீடு, ஒரு ரேடியோ, ஞாயிற்றுக்கிழமை துணி துவைப்பு. அந்த மனிதரின் வீட்டுக்குத்தான் தங்கை மகள் வந்து சேர்ந்தாள்.

தங்கைக்கு வெளிநாட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் இரண்டு வருஷ ஒப்பந்த வேலை. தங்கையும் அவள் கணவரும் பிரிந்து மூன்று வருஷம் ஆகிறது. பிரிவது என்றால் ஒரேயடியாகப் பிரிந்து தொலைத்தார்களா? இல்லை. பெண்ணை நடுவில் நிறுத்தி ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்து, வக்கீல் வீடு, கோர்ட் வராந்தா என்று அலைக்கழித்து, அப்புறம்தான் பிரிந்தார்கள். சுண்டு என்று வீட்டில் எல்லோரும் கூப்பிடும் அந்தப் பெண்ணுக்குப் பதிமூன்று வயது. ஒரு பெட்டி, ஒரு ஸ்கூல் பை, வாயில் ஒரு பூட்டு. இப்படித்தான் மாமா வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

உள்ளறையை அவளுக்குக் கொடுத்துவிட்டுப் பல் செட்டுக்காரர் கூடத்தில் பாயைப் போட்டுக்கொண்டார். பேச்சுக் கொடுக்கத் தினம் ஒரு விஷயம் யோசித்துக்கொண்டு வருவார். "இன்னிக்கு ஒருத்தருக்குக் கடவாய்ப் பல்லு ரெண்டு பக்கமும் இல்லம்மா." "ம்." "எப்படித்தான் மென்னாரோ." "ம்." "முட்டை போடவா?" "வேணாம்." ஐந்து மாதம் இப்படியே போயிற்று. ஊமையாக இருந்தாலாவது சைகை காட்டுவாள் என்று பீங்கானிடம் வாய்விட்டே சொல்லிவிட்டார். சொன்ன அடுத்த நிமிஷமே, குழந்தையைப் பற்றி இப்படிச் சொல்லிவிட்டோமே என்று அன்று முழுக்கத் தன்னைத்தானே திட்டிக்கொண்டார்.

ஒரு சனிக்கிழமை சுண்டுவைக் கூட்டிக்கொண்டு நோட்டு வாங்கப் போன இடத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்கி நின்ற கடைக்குள் எட்டிப் பார்த்தால், பெரிய மேஜை ஒன்றின் மேல் மலை, இடிந்த சுவர், காய்ந்த மரம், நடுவில் விரல் உயரச் சிப்பாய்கள் நூறு பேர். சுற்றி நாலைந்து பேர் டேப் வைத்து அளப்பதும், பகடை உருட்டுவதும், மண்டிபோட்டு உட்கார்ந்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பதுமாக இருந்தார்கள். வளர்ந்த ஆட்களுக்கு வேறு வேலை இல்லையா என்று அவருக்குத் தோன்றியது. திரும்பிப் பார்த்தால் சுண்டு அந்த மேஜையோரம் போய் நின்றுவிட்டாள். மழை நின்ற பிறகும் ஒரு மணி நேரம் நின்றாள்.

வீட்டுக்கு நடக்கும்போது அவளாகவே ஆரம்பித்தாள். "மாமா, அவங்க ஏன் மண்டி போட்டுப் பார்த்தாங்க தெரியுமா? அந்தச் சிப்பாயோட கண்ணுக்கு எதிராளி தெரியறானான்னு பார்க்கறாங்க. நமக்குத் தெரிஞ்சாப் போதாது, அவனுக்குத் தெரியணும். அப்பத்தான் அவன் அடிக்கலாம்."

பல் செட்டுக்காரர் நடையைக்கூட மாற்றவில்லை. மாற்றினால் எங்கே நிறுத்திவிடுவாளோ என்று பயம். "அப்படியா," என்றார் மெதுவாக. "தெரியலைன்னா?" அவ்வளவுதான், வீடு வரைக்கும் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே வந்தாள். அவருக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. ஆனால் அந்தச் சந்தோஷத்தில் அன்று சமையலில் உப்பை இரண்டு தடவை போட்டார், இருவரும் முகம் சுளிக்காமல் சாப்பிட்டார்கள்.

அந்த வாரமே தங்கையிடமிருந்து போன் வந்தது. "அண்ணா, அவர் புது வீட்டுக்குப் போயிட்டார். சுண்டுவுக்குத் தனி ரூம் இருக்காம். ஸ்கூல் திறக்கறதுக்குள்ள வந்துடச் சொல்றார். இனிமே அங்கேயே இருக்கட்டுமாம்."

"நீ என்ன சொன்னே?"

"அவளே முடிவு பண்ணட்டும்னு சொல்லிட்டேன். லீவு முடியறதுக்குள்ள அவ பதில் சொல்லணும். அண்ணா, உங்கிட்ட ஒண்ணு கேட்கறேன். நீ எதுவும் சொல்லிடாதே. இருன்னும் சொல்லாதே, போன்னும் சொல்லாதே. நாங்க ரெண்டு பேரும் பிடிச்சு இழுத்ததுலதான் அவ வாயே மூடிப்போச்சு. நீயும் ஒரு கையைப் பிடிச்சு இழுக்காதே. எனக்கு வாக்குக் கொடு."

"சரிம்மா," என்றார் அவர்.

அந்தச் 'சரிம்மா'வுக்கு அவரைப் பிடித்து நாலு சாத்துச் சாத்தலாம். ஏனென்றால் அவளை அனுப்ப அவருக்குத் துளியும் மனசில்லை. காலையில் அவள் செருப்பு வாசலில் கிடப்பதைத் தாண்டி வேலைக்குப் போவதே அவருக்கு ஒரு நிம்மதியாக இருந்தது. முப்பது வருஷம் தனியாக இருந்தபோது தெரியாத தனிமை, இப்போது அவள் போய்விடுவாளோ என்று நினைக்கும்போதே வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான் என்று இருக்கிற ரகம் வேறு. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தார். வாயால் சொல்லக்கூடாது, அவ்வளவுதானே? பெயிண்ட் வாங்கிக் கொடுக்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. இந்த ஆட்டம் இவளைப் பிடித்துக்கொண்டால் இவள் இந்த ஊரைப் பிடித்துக்கொள்ளமாட்டாளா?

மறுநாளே கடைக்குப் போனார். கடைக்காரர் கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டு அதையே மேஜை முழுக்கத் தேடிக்கொண்டிருந்தார். "சார், நீங்களும் ஆடுவீங்களா?" என்று கேட்டார். "இல்ல, நான் பல்லு," என்றார் இவர். கடைக்காரருக்கு அது என்ன பதில் என்று விளங்கவில்லை. இருந்தாலும் இருபது ஈட்டிக்காரர்கள் உள்ள ஒரு பெட்டி, எட்டுக் குப்பி வண்ணம், இரண்டு தூரிகை எடுத்துக் கொடுத்தார். ஈட்டிக்காரர்கள் முழுசாக வரவில்லை. கை தனி, கால் தனி, தலை தனி என்று பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். வெட்டி எடுத்து, ஒட்டி, வண்ணம் தீட்டி, நாமே ஆளாக்கவேண்டும். லேபிலிருந்து தன் பழைய செதுக்குக் கத்தி ஒன்றையும் கொண்டுவந்து கொடுத்தார். "பொம்மையை அழகா வெட்டறியே," என்றார். "பொம்மை இல்ல மாமா, படை," என்றாள் சுண்டு.

சாப்பாட்டு மேஜை போர்க்களமாயிற்று. இருவரும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். பழகிப் பார்க்க அவளுக்கு ஓர் எதிரி வேண்டுமே, அதற்கு மாமாதான் கிடைத்தார். எதிரிப் படைக்கு எங்கே போவது? லேபில் நிறம் சரியில்லை என்று ஒதுக்கிய பற்கள் ஒரு டப்பா நிறையக் கிடந்தன. மெழுகுத் துண்டில் குத்தி நிறுத்தினார். கடைவாய்ப் பல் எல்லாம் குதிரைப்படை, முன்பல் எல்லாம் வில்லாளிகள், கோரைப்பல் ஒன்று தளபதி. சுண்டு அதைப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது.

ஆனால் ஆட்டம்? ஐயோ, அதை ஏன் கேட்கிறீர்கள். மனுஷன் தன் படை முழுவதையும் ஒரு புத்தகத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்.

"மாமா, உங்க ஆளுங்க வெளியவே வர மாட்டேங்கறாங்க."

"இருக்கட்டும்மா, அவங்க பாட்டுக்கு."

"இப்படியே இருந்தா தோத்துடுவீங்க."

"தோத்தா என்ன, யாருக்கும் ஒண்ணும் ஆகலையே."

அப்போது அவள் சிரித்தாள். சத்தமாக, தலையைப் பின்னால் சாய்த்து. பல் செட்டுக்காரர் முதல்முறையாக அவள் பல் வரிசையை முழுசாகப் பார்த்தார். மேல்வரிசையில் ஒன்று கொஞ்சம் திரும்பியிருந்தது. சரிசெய்யலாம் என்று கை பரபரத்தது, இருக்கட்டும், அழகாகத்தான் இருக்கிறது என்று அடக்கிக்கொண்டார்.

வாரம் ஒருமுறை அவள் அப்பா போன் பண்ணுவார். மணி அடித்ததுமே பல் செட்டுக்காரர் எழுந்து வெளியே போய் மாடிப்படியில் நின்றுகொள்வார். தன் முகத்தைப் பார்த்து அவள் பதிலை மாற்றிக்கொள்ளக்கூடாதே என்று. கீழ்வீட்டுக்காரர் "என்ன சார், காத்து வாங்கறீங்களா?" என்று கேட்பார். "ஆமா," என்பார். அவள் போனை வைத்த சத்தம் கேட்டு, இன்னும் பத்து நிமிஷம் கழித்துத்தான் உள்ளே வருவார். என்ன பேசினாய் என்று கேட்கமாட்டார். கேட்பதும் இழுப்பதுதானே என்று அவருக்குள் ஒரு கணக்கு.

லீவின் கடைசி ஞாயிற்றுக்கிழமைக்குக் கடைக்காரர் ஒரு மண்டபம் பிடித்துப் பெரிய போட்டி அறிவித்தார். காலையில் அவரவர் படையை மேஜையில் அடுக்கி, அதன் கதையைச் சொல்லவேண்டும். வண்ண வேலைக்கும் கதைக்கும் சேர்த்துப் பரிசு. மதியம் ஆட்டம். சுண்டு பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். அதிலிருந்து மூன்று வாரம் உள்ளறைக் கதவு சாத்தியே இருந்தது. "முடிஞ்சதும் காட்டறேன் மாமா, அதுக்கு முன்னாடி பார்க்கக்கூடாது." மழை விட்டதும் தெருவில் இறங்கி, போகிறவர் வருகிறவர் செருப்பையும் பேன்ட் விளிம்பையும் குனிந்து குனிந்து பார்ப்பாள். ஏதாவது தொலைத்துவிட்டாளா என்று கேட்க நினைத்தார். நாமாகக் கேட்கவேண்டாம் என்று விட்டுவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை அவள் மண்டபத்தில் மேஜை போட உதவுகிறேன் என்று சீக்கிரமே கிளம்பிப் போய்விட்டாள். உள்ளறை ஜன்னலைச் சாத்தப் போனபோது பல் செட்டுக்காரர் தட்டில் நின்ற இருபது பேரையும் பார்த்தார். பார்க்கக்கூடாது என்றாளே என்று கண்ணைத் திருப்பினார். ஆனால் அதற்குள் பார்த்தாகிவிட்டது.

திருப்பிய கண் திரும்பவும் அங்கேயே போயிற்று. முழங்கால் வரைக்கும் பழுப்பாக வழிந்திருந்தது. நீலச் சட்டை தெரியாத அளவுக்குத் திட்டுத்திட்டாக அழுக்கு. ஈட்டி முனையில் துரு. முகமெல்லாம் சாம்பல். வாய் திறந்திருந்தது, உள்ளே கறுப்புக் குழி. ஐயோ பாவம், வண்ணம் வழிந்துவிட்டிருக்கிறது. மூன்று வாரம் கதவைச் சாத்திக்கொண்டது இதற்குத்தானா? வரவில்லை என்று சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு, குழந்தை தனியாக மல்லுக்கட்டியிருக்கிறது. நாளை மறுநாள் இதைக் கொண்டுபோய் நாலு பேர் முன்னால் வைத்தால் சிரிப்பார்களே. சிரித்தால் இந்த ஆட்டமே வேண்டாம் என்பாள். ஆட்டம் வேண்டாம் என்றால் இந்த ஊரில் அவளுக்கு என்ன இருக்கிறது?

வாய்க்குத்தான் வாக்கு, கைக்கு இல்லை. வண்ணக் குப்பிகளையும் இருபது பேரையும் பஞ்சு வைத்த டப்பாவில் அடுக்கிக்கொண்டு லேபுக்குப் போனார்.

அன்று முதலாளி வேலை எதுவும் நகரவில்லை. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சுக் குச்சியால் ஒவ்வொரு ஆளாகத் துடைத்தார். பழுப்பு மட்டுமா போனது, அடியில் இருந்ததும் பாதி வந்துவிட்டது. வரட்டுமே. புதிதாக நீலம் தீட்டினார், பட்டன் வைத்தார், ஈட்டி முனைக்கு வெள்ளி பூசினார், முகத்துக்கு ரத்தம் ஓடுகிற நிறம் கொடுத்தார். மேலே பளபளவென்று ஒரு வார்னிஷ். அப்புறம் அந்த வாய். திறந்த வாய், உள்ளே ஒன்றும் இல்லை. முப்பது வருஷம் இதே வேலையாக இருந்த ஆளால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? பெரிதாக்கும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒற்றை மயிர்த் தூரிகையால், இருபது பேருக்கும் பல் வைத்தார். எல்லோருக்கும் ஒரே வெள்ளை வைக்கவில்லை. மீசை முளைக்காதவர்களுக்கு வெளிர் வெள்ளை, தாடிக்காரர்களுக்குக் கொஞ்சம் மஞ்சள் கலந்தது, மூன்றாவது வரிசைக் கிழவருக்கு ஒரு பல் குறைச்சல்.

பீங்கான் எட்டிப் பார்த்தாள். "இதுங்கல்லாம் எங்கண்ணே கிளம்புது? கல்யாணத்துக்கா?"

"எங்க சுண்டுவுக்கு," என்றார் அவர். மதியச் சாப்பாட்டுப் பாத்திரத்தை அன்று அவர் திறக்கவே இல்லை. எட்டு மாதத்தில் அவளுக்காக உருப்படியாக ஒன்று செய்தோம் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தோன்றியது.

சாயங்காலம் அவள் வருவதற்கு முன்பே தட்டில் பழையபடி நிறுத்திவிட்டு, சமையலறையில் டீ போடுகிற சாக்கில் காத்திருந்தார். வந்தாள், செருப்பை விட்டாள், உள்ளே போனாள். சத்தமே இல்லை. டீ பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது. பொறுக்கமுடியாமல் போய்ப் பார்த்தார். ஒரு ஈட்டிக்காரனை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"பல்லு," என்றாள்.

"ஆமா, எல்லாருக்கும்."

"சேறு எங்க மாமா?"

"எந்தச் சேறு?"

அவள் ஈட்டிக்காரனைத் திருப்பி அவன் காலை அவருக்குக் காட்டினாள். பிறகு, சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னாள். "இவங்க சண்டையில தோத்துட்டாங்க. ராஜா ஓடிட்டார், யாரும் கூட்டிட்டுப் போக வரல. மூணு நாளா சதுப்புல நடந்து வீட்டுக்குப் போறாங்க. கீழ இருக்கறது ஈரச் சேறு, அதுக்கு மேல காஞ்ச சேறு. ரெண்டும் வேற வேற நிறம். முதல்ல சரியா வரல. நாலு தடவை போட்டேன். அது அழுக்கு இல்ல மாமா. நான் போட்டது."

பல் செட்டுக்காரர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "நான் திருப்பிப் போட்டுத் தரேன்," என்றார். "நாளைக்குள்ள. லேபுக்குக் கொண்டு போயி..."

"வேணாம் மாமா. பரவாயில்ல."

திட்டியிருக்கலாம். ஒரு குப்பியை எடுத்து அவர் தலையில் போட்டு உடைத்திருக்கலாம், சந்தோஷமாக வாங்கிக்கொண்டிருப்பார். அவளானால் ஈட்டிக்காரனை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு வந்து, ஆறிப்போன டீயைக் குடித்தாள். மறுநாள் சனிக்கிழமை முழுவதும் பழையபடி "ம்", "சரி", "வேணாம்". அவள் குளிக்கப் போன நேரத்தில் ஒரு பழைய பல் அச்சின்மேல் சேறு போட்டுப் பார்த்தார். ஈறு மாதிரி வந்தது. இன்னொன்று போட்டார், அதுவும் ஈறுதான். பதினாறு வெள்ளையைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கிற மனுஷனுக்கு ஒரு சேறு வரவில்லை.

ஞாயிறு காலை மண்டபம் நிரம்பியிருந்தது. மேஜைக்கு மேஜை எரிந்த கோட்டை, துருப்பிடித்த பீரங்கி, கட்டுப்போட்ட தலை. நடுவில் சுண்டுவின் இருபது பேர் மட்டும் துவைத்து இஸ்திரி போட்டுப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். போகிறவர்கள் குனிந்து பார்த்துவிட்டு ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பல் செட்டுக்காரர் சுவரோரம் ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றார். வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூட நினைத்தார். போனால் அவள் தனியாக நிற்பாளே.

கடைக்காரர் நோட்டோடு வந்தார். "என்னம்மா, சேத்துல நடந்து வர்ற ஆளுங்கன்னு சொல்லிட்டிருந்தியே?"

சுண்டு படையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இது அதுக்கு முன்னாடி சார். இவங்க இன்னும் கிளம்பவே இல்ல. காலையில சண்டைக்குப் போறாங்க. ஜெயிச்சுட்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்துடலாம்னு நினைச்சுட்டிருக்காங்க. அதான் சிரிக்கறாங்க."

கடைக்காரர் எழுதுவதை நிறுத்தினார். நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கிக்கொண்டு குனிந்தார். "அடேயப்பா, ஒவ்வொரு பல்லா தெரியுதே. யார் வச்சது?"

"எங்க மாமா," என்றாள் அவள். "பல்லு வேலையில அவரை மாதிரி யாரும் கிடையாது."

அவ்வளவுதான், ஆள் ஆளாக வந்து பல்லைப் பார்த்தார்கள். ஒருவர் தூணுக்குப் பின்னால் இருந்தவரைத் தேடிவந்து கைகூடக் கொடுத்தார். பல் செட்டுக்காரருக்குப் பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது. மூன்று வார உழைப்பைத் துடைத்துப் போட்டவனை அந்தப் பதிமூன்று வயசுக் குழந்தை நாலு பேர் முன்னால் காப்பாற்றுகிறது. காப்பாற்றட்டும் என்று நிற்பதைத் தவிர அவரால் ஆனது ஒன்றுமில்லை. பரிசு எரிந்த கோட்டைக்குப் போயிற்று. மதிய ஆட்டத்தில் சுண்டு இரண்டு தோற்று ஒன்று ஜெயித்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் கடைசி இருக்கைதான் கிடைத்தது. இருபது பேரும் இருந்த டப்பா அவர் மடியில் இருந்தது. நாலு நிறுத்தம் போனபிறகு அவர் வாயைத் திறந்தார். "அம்மாடி, அந்தச் சேறு..."

"மாமா, நான் அப்பாகிட்ட போறேன்."

அவர் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேத்துக்காக இல்ல," என்றாள் அவள். "அது கோவம் வந்துச்சு, போயிடுச்சு. நீங்க எனக்கு ரூம் கொடுத்தீங்க, டேபிளைக் கொடுத்தீங்க, கேட்காமலே எல்லாம் வாங்கிக் கொடுத்தீங்க. ஆனா அப்பா போன் பண்றப்பல்லாம் எந்திரிச்சு வெளிய போயிடுவீங்க. என்ன சொன்னேன்னு ஒரு நாள்கூடக் கேட்கல. இருன்னு ஒரு தடவை சொல்வீங்கன்னு பார்த்தேன். சொல்லவே இல்ல. சரி, மாமாவுக்கு நாம பாரம்தான், நல்ல மனுஷன், அதனால சொல்ல மாட்டேங்கறார்னு நினைச்சுட்டேன்."

உங்கம்மாதான் சொல்லக்கூடாதுன்னா, என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் இவளுக்கு இருக்கிற ஒரு அம்மாமேல் கோபம் திரும்பும். விழுங்கினார்.

"பாரமா," என்றார். "நீயா?"

"இல்லன்னு இப்ப தெரியும் மாமா. அந்தப் பல்லைப் பார்த்தப்பவே தெரிஞ்சுது. கிழவருக்கு ஒரு பல்லு கம்மியா வச்சிருந்தீங்க." அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ஆனா அது வெள்ளிக்கிழமை. நான் அப்பாகிட்ட வியாழக்கிழமையே சொல்லிட்டேன்."

பஸ் ஒரு திருப்பத்தில் சாய்ந்து நிமிர்ந்தது. பல் செட்டுக்காரருக்குத் தங்கை, வாக்கு எல்லாம் அந்த நிமிஷம் மறந்துபோயிற்று. "போகாதம்மா," என்றார். எட்டு மாதமாகச் சொல்லாததைச் சொன்னதில் குரல் அவருக்கே அடையாளம் தெரியவில்லை. "இங்கயே இரு."

"கட்டில் வாங்கிட்டாராம் மாமா," என்றாள் சுண்டு. "புதன்கிழமை கூட்டிட்டுப் போக வரார். எல்லார்கிட்டயும் சொல்லிட்டாராம்." அப்புறம் அழுதாள். சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது.

தோளில் கை வைக்கவேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் பாதை அந்த இடத்தில் குண்டும் குழியுமாக இருந்தது. கையை எடுத்தால் டப்பா சரிந்து உள்ளே இருக்கிறவர்கள் ஒருவர்மேல் ஒருவர் மோதி உடைந்துவிடுவார்கள். இரண்டு கையாலும் டப்பாவை அழுத்திப் பிடித்துக்கொண்டே அவர் உட்கார்ந்திருந்தார்.